முன்பணம் திரும்பத் தரப்பட மாட்டாது

உக்காருங்க சார். அந்த நாற்காலி கால் ஆடும், இதுல உக்காருங்க. ரூம் பன்னெண்டு மணிக்குத்தான். நேத்து இருந்த பார்ட்டி ஏழு மணிக்கே காலி பண்ணிட்டுப் போயாச்சு. கூட்டித் துடைச்சு, பெட்ஷீட் மாத்தி, ரூம் தயாராத்தான் கெடக்கு. ஆனா பன்னெண்டுன்னா பன்னெண்டுதான். உங்களுக்கு ஒம்பதுக்குத் திறந்து குடுத்தேன்னு வைங்க, நாளைக்கு வாரவன் ஆறு மணிக்கே வந்து நிப்பான்.

வீட்டு ஆளுகளை ஐந்தருவிக்கு அனுப்பிட்டு நீங்க பையைக் காவல் காக்கீக. அதுவும் நல்லதுதான். இங்க குரங்கு ஜிப்பைத் திறந்து முறுக்கை மட்டும் எடுத்துட்டு ஜிப்பை மூடிட்டுப் போகும்.

நீங்க கேட்டீகள்லா, வீட்டுல வேற ஆள் இல்லையான்னு. இல்லை. போன்ல நாலு தடவை கூப்பிட்டும் எடுக்கலைன்னு சொன்னீக. நான்தான் ரூம் கூட்டுதேன், நான்தான் மோட்டார் போடுதேன், நான்தான் போன் எடுக்கேன். கையில தொடப்பத்தை வச்சுக்கிட்டு எப்படி எடுக்க? முன்னால அப்படி இல்ல. ரெண்டாவது மணியில எடுத்துருவா. என் மக.

அதைச் சொல்லணும்னா முதல்ல அட்வான்ஸ்ல இருந்து சொல்லணும். நேரம் கெடக்கே, பன்னெண்டு வரைக்கும்.

ஆரம்பத்துல இங்க அட்வான்ஸே கிடையாது. என் வீட்டுக்காரி இருந்த காலம். போன்ல "அக்கா, வெள்ளிக்கிழமை வாரோம்"னு ஒரு குரல் கேட்டாப் போதும், "வாங்க"ன்னுருவா. பேரு கேக்க மாட்டா. வாரவங்க குத்தாலத்துல நாலு இடத்துல இப்படிச் சொல்லி வச்சிருப்பாக. வந்து இறங்கி, எது அருவிக்குப் பக்கமோ அதுல போயிப் படுத்துக்கிடுவாக. நம்ம ரூம் பூட்டிக் கெடக்கும். சாரல் காலம்னா எத்தனை நாளு சார்? மிஞ்சிப் போனா தொண்ணூறு நாளு. அதுல பத்து நாளு இப்படிப் போயிரும். அவ அதைப் பத்திக் கவலைப்பட்டவளே இல்ல. "வரலைன்னா என்ன, ஏதோ சோலி வந்திருக்கும்"பா. அவ இறந்து ஒம்பது வருஷம் ஆச்சு. அந்த வருஷம்தான் நான் கருவூலத்துல கிளார்க் வேலையை முடிச்சு ரிட்டயர் ஆனேன். ரெண்டும் ஒரே மாசம். சரி, அது கெடக்கட்டும்.

முப்பத்தி ஆறு வருஷம் கருவூலத்துல இருந்தவன் நான். கையெழுத்து இல்லாம ஒரு ரூவா நகராது. வந்து உக்காந்ததும் பாதி அட்வான்ஸ்னு விதி போட்டேன். பாதியைக் குடுத்தவன் பாதி மனசோடதான் வாரான் சார். முழுசாக் குடுத்தவன் காய்ச்சல்லயும் வருவான். அதனால ரெண்டாவது வருஷம் முழு அட்வான்ஸ்னு ஆக்கிட்டேன்.

அப்புறம் தண்ணி. எல்லாரும் போன் போட்டதும் கேக்கது ஒரே கேள்வி, "தண்ணி விழுதா?" நான் என்ன மேகத்துக்கு மேனேஜரா? இன்னைக்குக் கொட்டும், நாளைக்கு நூலு மாதிரி ஒழுகும். அதுக்கு மறுநாளு பெரிய அருவியில இருக்க பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுந்து, போலீஸ்காரர் விசிலடிச்சு எல்லாத்தையும் வெளிய விரட்டுவாரு. தண்ணி இல்லைன்னாலும் துட்டைத் திருப்பிக் கேக்கான், தண்ணி கூடிட்டாலும் திருப்பிக் கேக்கான். அதுக்கு ஒரு விதி. துட்டி, சாவு வீடுன்னு சொல்லிக் கேப்பாக. மதுரைக்காரர் ஒருத்தர், தாய்மாமா தவறிட்டாருன்னு சொல்லி வாங்கிட்டுப் போனாரு. அடுத்த வருஷமும் அதே மாசம், அதே தாய்மாமா. "போன வருஷம் போனது பெரிய மாமாவா?"ன்னு கேட்டேன். போனை வச்சுட்டாரு. அதுக்கு ஒரு விதி. இப்படித்தான் சார் சேந்துச்சு. ஒவ்வொண்ணுக்குப் பின்னாலயும் ஒரு ஆளு இருக்கான். நானா உக்காந்து யோசிச்சு எதையும் எழுதல.

அதையெல்லாம் அழகா டைப் அடிச்சு, போன்ல அனுப்புத மாதிரி செஞ்சு குடுத்தது என் மக. குழல்வாய்மொழி. இங்க கோயில்ல அம்மன் பேரு அது. குழலின்னு கூப்பிடுவோம். எம்.காம். படிச்சிருக்கா. புக்கிங் எல்லாம் அவதான். போன்ல பேசுதது, ஆதார் காப்பி வாங்குதது, ரூம் ஒதுக்குதது, எல்லாம். "தண்ணி விழுதா?"ன்னு கேட்டா, "எங்க மொட்டை மாடியில இருந்து பாத்தா மலையில மேகம் இருக்கு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்"னு சொல்லுவா. பொய்யும் இல்ல, மெய்யும் இல்ல. அதைக் கேட்டுட்டே முழுத் துட்டையும் அனுப்பிருவான். அப்படி ஒரு குரலு.

அவளுக்கு முப்பத்தி நாலு வயசு ஆயிருச்சு, போன வருஷம்.

மாப்பிள்ளை பாக்காம இல்ல சார். ஊருல அப்படித்தான் பேசுதாக, இவன் பொண்ணை வேலைக்கு வச்சுக்கிட்டான்னு. ஆறு இடம் வந்துச்சு. ஆறுலயும் நான் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டேன். நகை இவ்வளவு போடுதேன், செலவு நான் செய்யுதேன், எல்லாம் உங்க இஷ்டம். சீசன் மூணு மாசம் மட்டும் பொண்ணு இங்கன இருக்கணும். ஆனி, ஆடி, ஆவணி. இதுல என்ன தப்பு? ஆடிக்குப் பொண்ணை அழைச்சுட்டு வாரது ஊரு வழக்கம்தான? நான் முன்னால ஒரு மாசமும் பின்னால ஒரு மாசமும் சேத்துக் கேட்டேன், அவ்வளவுதான். "தலை ஆடிக்குத்தான அழைப்பாக, வருஷா வருஷமா?"ன்னு தென்காசிக்காரர் ஒருத்தர் கேட்டாரு. "சீசன் வருஷா வருஷம் வருதே"ன்னேன். காபியைக் குடிக்காமப் போயிட்டாரு. ஒத்து வரல, விட்டாச்சு. முன்கூட்டியே சொல்லிரணும் சார் எதையும். பின்னால பேச்சு வரக் கூடாது. குழலி தம்ளரை எடுத்துட்டு உள்ள போயிருவா.

போன வருஷம் வைகாசியில தரகர் வேலாயுதம் ஒரு ஜாதகம் கொண்டாந்தாரு. கோவில்பட்டி. பேரு ஆறுமுகநயினார், எலெக்ட்ரிக் சாமான் கடை, வயசு முப்பத்தெட்டு. அப்பா இல்ல, அம்மா மட்டும். பத்துல எட்டுப் பொருத்தம். போட்டோவையும் குடுத்தாரு. நான் அதைச் சரியாப் பாக்காமலே பிரிட்ஜ் மேல வச்சேன். குழலி அதைப் பாத்த மாதிரியே தெரியல. ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா போட்டோ மேல தூசி இல்ல. வீட்டைத் துடைக்கையில அதையும் துடைச்சிருப்பான்னு நினைச்சேன். "யோசிச்சுச் சொல்லுதோம்"னாக கோவில்பட்டிக்காரங்க. சரின்னுட்டேன்.

ஆனி கடைசியில ஒரு புக்கிங் வந்துச்சு. ஆவுடையப்பன்னு ஒருத்தர் பேருல. மூணு பேரு, ஒரு ரூம், ரெண்டு நாளு. முழு அட்வான்ஸ் வந்தாச்சு. அவுக வந்தது காலையில எட்டு மணிக்கு. ஒரு பெரியவரு, ஒரு வயசான அம்மா, ஒரு ஆளு, நடுத்தர வயசு. அம்மாவுக்கு முழங்கால் வலி, காலை நீட்டித்தான் உக்கார முடிஞ்சுது. இதே நாற்காலிதான். பன்னெண்டு மணிக்குத்தான் ரூம்னேன். "அதுக்கென்ன, இருக்கோம்"னாரு பெரியவரு. கோபமே இல்ல. வீட்டை மேலயும் கீழயும் பாத்துக்கிட்டே இருந்தாரு. வாடகைக்கு வாரவன் ரூமைத்தான் பாப்பான், இவரு என்ன வீட்டைப் பாக்காருன்னு எனக்குத் தோணிச்சு. அத்தோட விட்டுட்டேன்.

ஆதார் காப்பி வாங்க குழலி வந்தா. மூணையும் வாங்கிப் பாத்தா. ஒண்ணை மட்டும் மறுபடியும் எடுத்துப் பாத்தா. உள்ள போனா. திரும்பி வந்தவ மூணு தம்ளர்ல காபியோட வாரா. காபி நம்ம விதியிலயே கிடையாது சார். சேலையும் மாத்தியிருக்கா. கருநீலம், கோயிலுக்குக் கட்டுதது. "கோயிலுக்கா?"ன்னு கேட்டேன். "இல்லப்பா, சும்மா"ன்னா. காபியைச் சீட்டுல எழுதிக்கிட்டேன். மூணு காபி.

மத்தியானம் என்ன செஞ்சிருக்கான்னு நினைக்கீக? சொதி. உங்களுக்குத் தெரியுமா, எங்க பக்கத்துச் சொதி? தேங்காயைத் துருவி மூணு தடவை பாலெடுத்து, பாசிப்பருப்பும் காயும் போட்டு, தொட்டுக்க இஞ்சித் துவையல். லேசுல செய்ய மாட்டாக. கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டுக்கு வார மாப்பிள்ளைக்கு வைக்கது. அவ அம்மா போன பிறகு இந்த வீட்டுல சொதி வச்சதே இல்ல. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, மூணு ரூம்லயும் ஆளு, மோட்டார் வேற மக்கர் பண்ணுது, இவ உக்காந்து தேங்காப் பால் பிழியுதா. "ஏளா, என்ன விசேஷம்?"ன்னேன். "அந்த அம்மா முழங்காலை வச்சுக்கிட்டு ஹோட்டலுக்கு எப்படிப் போவாக?"ன்னா. அது நியாயம்தான். சாப்பாடு மூணுன்னு சீட்டுல எழுதிக்கிட்டேன்.

அந்த அம்மா சாப்பிட்டுட்டு, "யாரு சொல்லிக் குடுத்தா?"ன்னு கேட்டாக. "அம்மா செய்யுததைப் பாத்திருக்கேன்"னு சொன்னா குழலி. அந்த ஆளு ரெண்டாவது தடவை சோறு கேட்டாரு, அவ்வளவுதான். நல்லாச் சாப்பிடுதவரு.

இதெல்லாம் எதுக்குச் சொல்லுதேன்னா, மறைச்சு வந்தாக சார் அவுக. ஏமாத்துதது யாரு, நானா அவுகளான்னு நீங்களே சொல்லுங்க.

மறுநாளு தண்ணி நின்னு போச்சு. பாறை தெரியுது. பெரிய அருவியில வரிசையில நின்னு, ஆளுக்கு ஒரு செம்புத் தண்ணி தலையில விழுந்தாச் சரி. பெரியவரு வந்து, "தண்ணி இல்ல, அக்காவுக்கு முழங்காலும் தாங்கல. நாங்க இன்னைக்கே கெளம்புதோம். மிச்சம் ஒரு நாளைக்கு உள்ளதைப் பாத்துக் குடுங்க அண்ணாச்சி"ன்னாரு. ஒரு நாள் வாடகை. பெரிய துட்டு ஒண்ணும் இல்ல. ஆனா விதி இருக்குல்லா? விதியெல்லாம் எழுதி மாட்டின போர்டுகிட்டக் கூட்டிட்டுப் போயி விரலை வச்சுக் காட்டினேன். தண்ணி இல்லைன்னாலும், கூடிட்டாலும் முன்பணம் திரும்பத் தரப்பட மாட்டாது.

குழலி பின்னால வந்து நிக்கா. "குடுத்துருங்கப்பா"ங்கா. இந்த எட்டு வருஷத்துல ஒருத்தருக்காகவும் அவ அப்படிச் சொன்னதில்ல. "இந்த ஒரு தடவை குடுத்துருங்கப்பா"ங்கா. எனக்கு ஆத்திரம் வந்துருச்சு. வெளியாளு முன்னால வச்சு என்னைச் சின்னப்படுத்துதாளேன்னு. "ஒனக்குச் சொன்ன வேலையை மட்டும் பாரு. காபி குடு, சோறு போடுன்னு ஒன்னைய யாரு சொன்னா? வீடு நடத்துதியா, சத்திரம் நடத்துதியா?"ன்னுட்டேன். சத்தமாத்தான் சொன்னேன். சொல்லிட்டு காபிக்கும் சாப்பாட்டுக்கும் சீட்டை நீட்டினேன்.

பெரியவரு மொகம் மாறிப் போச்சு. அந்த அம்மா எங்கேயோ பாத்தாக. அந்த ஆளுதான் சீட்டை வாங்கினாரு. துட்டை எண்ணிக் குடுத்தாரு. குடுத்துட்டு குழலியைப் பாத்து, "இந்த கண்டிஷனெல்லாம் யாரு எழுதினது?"ன்னு கேட்டாரு. "டைப் அடிச்சது நான். சொன்னது அப்பா"ன்னா. அவரு சிரிச்சாரு. இவளும் சிரிச்சா சார். பல்லு தெரிய. அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்து எத்தனையோ வருஷம் ஆச்சு. இதுல சிரிக்க என்ன இருக்குன்னு எனக்கு வெளங்கல. கார் போன பிறகும் கொஞ்ச நேரம் வாசல் கேட்டுகிட்டதான் நின்னா.

பத்து நாளு கழிச்சு வேலாயுதம் வந்தாரு. வந்ததும் வராததுமா, "அண்ணாச்சி, கெடுத்துட்டீகளே!"ன்னு தலையில கையை வச்சாரு. வந்தது கோவில்பட்டிக்காரங்கதானாம். அந்த ஆளுதான் மாப்பிள்ளை, நயினார். பெரியவரு தாய்மாமா. வீட்டை உள்ளபடி பாக்கணும்னா பொண்ணு பாக்க வாரோம்னு சொல்லிட்டு வரக் கூடாது, சாதாரணமாப் போயிப் பாக்கணும்னு அந்தம்மா சொல்லியிருக்காக. பொண்ணு தங்கமாம். ஆனா அந்த மனுசன்கிட்ட சம்பந்தம் வச்சா நல்லது பொல்லதுக்கு வீட்டுக்குள்ள நுழையக்கூட முன்பணம் கேப்பாருன்னு மாமா சொல்லிட்டாராம். வேண்டாம்னுட்டாக.

நான் கேட்டேன் வேலாயுதத்துகிட்ட, "எங்க அண்ணாச்சி, நியாயத்தைச் சொல்லுங்க. பேரை மறைச்சு வந்து என் வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு, என்னையவே குத்தம் சொல்லலாமா? சம்பந்தின்னு சொல்லியிருந்தா நான் துட்டு வாங்கியிருப்பேனா?" அவரு துண்டை உதறிப் போட்டுட்டுப் போயிட்டாரு.

உள்ள போயி குழலிகிட்டச் சொன்னேன், இன்னாருதான் வந்திருக்காகன்னு. அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தா. "தெரியும்ப்பா"ன்னா. எப்படித் தெரியும்னேன். "ஆதார்ல போட்டோ இருக்குல்லா"ன்னா. "ஏன் என்கிட்டச் சொல்லல?"ன்னேன். "சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீக?"ன்னு கேட்டா.

நான் உள்ளதைத்தான் சொன்னேன் சார். "சீசன் மூணு மாச விஷயத்தை அங்கயே நேருக்கு நேர் பேசி முடிச்சிருப்பேன்"னேன். அவ கையி அரிசிக்குள்ள அப்படியே நின்னுச்சு. அப்புறம் தண்ணியை வடிச்சுட்டு அடுப்புல வச்சா. அன்னையில இருந்து அவ பேசுதது குறைஞ்சு போச்சு. கேட்டாப் பதில் சொல்லுவா. போன்ல மட்டும் அதே குரலு, அதே மேகம்.

ஆவணியில ஒரு புக்கிங். ஆறுமுகநயினார்னு சொந்தப் பேருலயே. ஒரு ரூம், ரெண்டு பேரு, ரெண்டு நாளு. கேக்கதுக்கு முன்னாலயே முழு அட்வான்ஸும் போன்ல விழுந்துருச்சு. எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. மனுசனுக்குப் புத்தி வந்துருச்சு, விதின்னா என்னன்னு தெரிஞ்சுக்கிட்டாருன்னு நினைச்சேன். ரெண்டு பேருன்னா அவரும் அம்மாவும்னு நினைச்சேன்.

அந்தத் தேதி வெள்ளிக்கிழமை. காலையில எட்டரை இருக்கும், குழலி ஒரு பையை எடுத்துக்கிட்டு வந்து என் முன்னால நின்னா. அதே கருநீலச் சேலை. "அப்பா, இலஞ்சிக் கோயில்ல ஒம்பதரைக்கு மேல முகூர்த்தம். எனக்கும் அவுகளுக்கும். அவுக அம்மா வாராக, மாமா வாராக. நீங்களும் வாங்கப்பா"ன்னா. மாமா மனசை மாத்தி எப்பப் பேசி முடிச்சாகளோ, போனு அவ கையிலதான இருந்துச்சு. "மத்தியானம் இங்கதான் வருவோம். ரூம் போட்டிருக்கே, அது எங்களுக்குத்தான். மறுவீட்டுக்கு நான் வேற எங்க வர?"ன்னா.

அழல சார் அவ. சண்டை போடல. கல்யாணத்துக்குக் கூப்பிடுத மாதிரிதான் கூப்பிட்டா.

நான் என்ன சொன்னேன்னா, "பன்னெண்டு மணிக்கு ரெண்டு பார்ட்டி வாராகளே, சாவி யாரு குடுக்க?"ன்னேன்.

அதுதான் வாயில வந்துச்சு. முதல்ல அதுதான் வந்துச்சு. அவ என்னையே பாத்தா. "சரிப்பா"ன்னா. கால்ல விழுந்து கும்பிட்டா. வெளிய ஆட்டோ நின்னுச்சு.

என்ன கேக்கீக? இலஞ்சி எவ்வளவு தூரமா? மூணு கிலோமீட்டர்தான். ஆட்டோவுல பத்து நிமிசம். ஆமா. போயிட்டு பதினோரு மணிக்கெல்லாம் வந்திருக்கலாம். தாலி கட்டுததைப் பாத்துட்டு, அட்சதையைப் போட்டுட்டு, அவுகளோடயே திரும்பி வந்திருக்கலாம். அன்னைக்கு அந்தக் கணக்கு வரல. அந்த ரெண்டு பார்ட்டியில ஒண்ணு மூணு மணிக்கு வந்துச்சு. இன்னொண்ணு வரவே இல்ல.

ரூமை நான் தயார் பண்ணித்தான் வச்சிருந்தேன். புதுப் பெட்ஷீட். மத்தியானம் வருவாகன்னு மூணு தேங்கா உடைச்சுத் துருவினேன். சொதி வைக்கணும்ல்லா. பால் எடுக்கத்தான் செஞ்சேன், அடுப்புல வச்சதும் திரிஞ்சு போச்சு. பக்குவம் தெரியல. சாயங்காலம் வாழைமூட்டுல ஊத்திட்டேன்.

வரல. கல்யாணத்துக்கே வராத வீட்டுக்கு மறுவீடு எப்படிப் போகன்னு மாமா சொல்லியிருப்பாரு. இல்ல, அவளே சொல்லியிருப்பா. தெரியல. நான் கேக்கல. ரெண்டு நாளும் அந்த ரூமைப் பூட்டியே வச்சிருந்தேன். நல்ல தண்ணி அப்ப, ரூம் ரூம்னு எத்தனையோ பேரு வந்து கேட்டாக. துட்டு வாங்கியாச்சு, வேற ஆளுக்கு எப்படிக் குடுக்க? மூணாம் நாளு பதினோரு மணிக்குத் திறந்து, மடிச்ச பெட்ஷீட்டை மறுபடியும் மடிச்சு வச்சேன். எனக்கு ஒண்ணும் செய்யல. துட்டி வீட்டுல தலைமாட்டுல உக்காந்திருப்போமே, அழுகையும் வராது, எந்திரிக்கவும் தோணாது, அப்படி இருந்துச்சு. இப்பவும் அப்படித்தான் இருக்கு. பழகிப் போச்சு.

ஒரு மாசம் கழிச்சுப் போன் பண்ணா. கேஸ் புக்கு பீரோவுல மேல் தட்டு, பிரஷர் மாத்திரை பச்சை டப்பா, கரண்ட் பில் பத்தாம் தேதின்னு வரிசையாச் சொன்னா. நான் எல்லாத்தையும் எழுதிக்கிட்டேன். வைக்கப் போறான்னு தெரிஞ்சுது. "ஏளா, அட்வான்ஸ் இருக்கு"ன்னேன். "இருக்கட்டும்ப்பா"ன்னா. அத்தோட சரி. அவளும் போன் பண்ணல, நானும் பண்ணல. பண்ணி என்னத்தச் சொல்ல? நல்லா இருக்கியான்னு கேக்கணும். கேட்டுருவேன். அடுத்தது, கல்யாணத்துக்கு நீங்க ஏன் வரலைன்னு அவ கேப்பாள்லா.

ரெண்டு பேருக்கு ரெண்டு நாள் வாடகை எங்கிட்ட இருக்கு சார். கவர்ல போட்டு பீரோவுல வச்சிருக்கேன். விதிப்படி அது எனக்குச் சேரணும். வராட்டா முன்பணம் திரும்பத் தரப்பட மாட்டாது. நான் போட்ட விதிதான். ஆனா அதை எடுத்துச் செலவழிக்கக் கை வரல. திருப்பி அனுப்பவும் மனசு இல்ல. அனுப்பிட்டா அவங்களுக்கும் இந்த வீட்டுக்கும் கொடுக்கல் வாங்கல் முடிஞ்சு போச்சுன்னு ஆயிரும்லா.

அதனால போன வாரம் உக்காந்து புதுசா ஒரு விதி எழுதினேன். பேப்பர்ல எழுதி வச்சிருக்கேன், பாருங்க. "முன்பணம் செலுத்தியவர்கள் குறித்த தேதியில் வர இயலாவிட்டால், ஒரு வருடத்திற்குள் வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம்." சரியா இருக்கா? கருவூலத்துப் பாஷையா இருக்கும். இதைப் போன்ல டைப் அடிக்கணும். எனக்கு அடிக்க வராது, எழுத்துத் தேடியே பொழுது போயிரும். உங்க கையால கொஞ்சம் அடிச்சுக் குடுங்களேன். இந்தா போன்.

யாருக்கா? அவ நம்பருக்கு வேண்டாம். துட்டு அனுப்பினது மாப்பிள்ளை நம்பரு. விதியை அவருக்குத்தான் அனுப்பணும். அதுதான் முறை. ஆமா, இதுதான். ஆறுமுகநயினார், கோவில்பட்டி.

வேற ஒண்ணும் எழுத வேண்டாம் சார். "வாங்க"ன்னு சேத்து எழுதவான்னு கேக்கீக, உங்களுக்கு நல்ல மனசு. வேண்டாம். கூப்பிட்டப்ப நான் போகல. இப்ப நான் என்ன மொகத்தோட வாங்கன்னு சொல்ல? விதியை மட்டும் அனுப்புங்க. அவ படிப்பா. படிச்சா அவளுக்குத் தெரியும், எட்டு வருஷமா நான் சொல்லச் சொல்ல அடிச்சவள்லா.

அடிச்சாச்சா? வாசிங்க.

... "ஒரு வருடத்திற்குள்"ங்கது எப்ப முடியுது? போன ஆவணி, பன்னெண்டாந் தேதி. அப்ப இன்னும் முப்பது நாளு கூட இல்லையே. முப்பது நாளு எப்படிக் காணும்? கடையைப் போட்டுட்டு அவரு வரணும், அந்தம்மா முழங்கால் சரியாகணும், மாமா மனசு எறங்கணும். அனுப்பாதீக, அனுப்பாதீக. இருங்க.

அந்த ஒரு வருடத்தை எடுத்துருங்க. எப்ப வேணும்னாலும்னு போடுங்க. "எப்போது வேண்டுமானாலும் வரலாம்." அவ்வளவுதான், முற்றுப்புள்ளி வச்சுருங்க.

இல்ல சார், எல்லாருக்கும் இல்ல. இந்த நம்பருக்கு மட்டும்தான்.